ஒன்றரை அங்குலம்: ஒரு பழைய ஹைலக்ஸ் கெப்பை இறக்கிய கதை

மருமகன் கெப்பைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்திய அன்று, அதன் உயரத்தை நாலு அங்குலம் இறக்கித் தரக் கேட்டான். கடைசியில் பின்னால் ஒன்றரை, முன்னால் ஒன்றேகால் அங்குலம்தான் இறக்கினோம். அந்த நாலு ஒன்றரையாகச் சுருங்குவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தரம் அலைந்ததும், நான் விட்ட ஒரு பெரிய பிழையும் அந்த இரண்டு மாதத்துக்குள் அடக்கம். பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் பிக்அப் என்று யாரும் சொல்வதில்லை, கெப் என்றுதான் சொல்வோம். இது 90களின் தொடக்கத்தில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப். பின்சக்கர இயக்கம், 2446 சீசீ கொண்ட 2எல் டீசல் எஞ்சின். அத்தான் இருபது வருடமாக, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை வயல்களிலிருந்து இதில்தான் நெல் ஏற்றினார். முழங்கால் வருத்தம் வந்தபிறகு சாவி மகன் கைக்குப் போனது. விற்கும் பேச்சே எழவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கெப் வைத்திருந்தவன் நகை வைத்திருந்த மாதிரி.

மருமகனுக்கு ஒலிபெருக்கி வாடகைத் தொழில். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று வருடம் முழுக்க ஓட்டம். வண்டி பதிவாக, பார்க்க எடுப்பாக இருக்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை. அறுவடை வந்தால் வழக்கம்போல் பத்து மூட்டை நெல் ஏற்றவேண்டும் என்பது அத்தானுடைய கட்டளை. வண்டி ஒன்று, முதலாளி இரண்டு. எந்தச் சாமானை வாங்குவது என்ற கேள்வி முழுக்க இதற்குள்தான் அடங்கியிருந்தது.

அளவுநாடாவும் பத்து மூட்டையும்

அவன் கைத்தொலைபேசியில் தாய்லாந்து, அவுஸ்திரேலியா வண்டிகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் அளவுநாடாவை எடுத்தேன். உயரத்தை நிலத்திலிருந்து அளக்கக்கூடாது, டயர் காற்றுக் குறைந்தாலே கணக்குப் பிழைத்துவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேரே மேலே, மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளக்கவேண்டும். நாலு மூலையும் அளந்தபோது பின்னால் இடப்பக்கம் 12 மில்லிமீற்றர் பதிந்திருந்தது. இருபது வருட நெல்லின் வேலை.

அடுத்த அளவுதான் முக்கியம், ஆனால் அதை யாரும் எடுப்பதில்லை. பின் அக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டமான செசியில் ஒரு பம்ப் றப்பர் தொங்கும். சக்கரம் குழியிலோ மேட்டிலோ ஏறும்போது அக்சில் மேலே வந்து செசியில் இடிக்காமல் தடுப்பது அதுதான். வெறும் வண்டியில் றப்பருக்கும் அக்சிலுக்கும் இடையில் வலப்பக்கம் 110, இடப்பக்கம் 98 மில்லிமீற்றர். பக்கத்து ஆலையிலிருந்து 65 கிலோ மூட்டை பத்தை ஏற்றி மறுபடி அளந்தோம். வலப்பக்கத்து 110 இப்போது 40. அதாவது பத்து மூட்டை பின்பக்கத்தை 70 மில்லிமீற்றர் அமத்துகிறது. இந்த எண்களைச் சோக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தேன்.

நாலு அங்குலம் என்றால் 100 மில்லிமீற்றரைவிடக் கொஞ்சம் கூட. அவன் சுவரைப் பார்த்து, "அப்ப இன்னும் எட்டு மில்லிமீற்றர் மிச்சம் இருக்குத்தானே மாமா" என்றான். எட்டாம் வகுப்புக் கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சத்தில் நீ ஒரு ஆளைக்கூடப் பின்னால் ஏற்ற முடியாதே மனே என்று சொன்னபிறகுதான் முகம் சுருங்கியது.

வண்டி ஓடப்போகும் தெருவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் ஏ4 கார்ப்பெட் வீதி. அதில் மட்டும் ஓடுவதென்றால் நானும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குள் இறங்கினால் கிரவல் ரோட்டு, வாய்க்கால் கட்டு, மதகு. கார்த்திகை, மார்கழி மழையில் எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று தண்ணீருக்கு மேலால் தெரியாது. அவன் காட்டிய படங்களில் ஒன்றிலும் வெள்ளம் இல்லை.

பின்பக்கம்: அக்சில் மேலேயா கீழேயா

எங்கள் பக்கம் வண்டி இறக்குகிற ஆட்கள் வழக்கமாகச் செய்வது மூன்று. ஒன்று, உருக்குப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பின் ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டையைக் கழற்றிவிடுவது. வண்டி உடனே பதியும், செலவும் இல்லை. ஆனால் பாரம் தாங்குகிற பலமும் அதோடு போய்விடும். பட்டை ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. அக்சில் முறுகாமல் பிடிப்பதும் அதுதான். பட்டை குறைந்தால் கிளட்சை விடும்போது அக்சில் முன்பின்னாக உதறும். இரண்டாவது, காஸ் அடித்துப் பட்டையைச் சுடுவது. சூடேறிய இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். அன்றைக்கு இரண்டு அங்குலம் பதிந்த வண்டி அடுத்த மாதம் மூன்றாகும், அதற்கடுத்த மாதம் பட்டை முறியும். இதைச் செய்யச் சொல்லி யார் வந்தாலும் நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மூன்றாவது, கட்டை வைப்பது. வைக்கும் இடம் தெரிந்தால் இதுதான் நல்ல வழி. வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அக்சில் பட்டைக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? இந்தப் பின்சக்கர இயக்க ஹைலக்ஸில் அக்சில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் அக்சில் மேலே போகும், வண்டி அந்த அளவுக்கு இறங்கும். நாலுசக்கர இயக்க வண்டிகளிலும் பல பெரிய அமெரிக்கக் கெப்களிலும் பட்டை அக்சிலுக்கு மேலே இருக்கும். அங்கே அதே கட்டையை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை நிறைய இறக்க நினைத்தால் அக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றிக் கட்டவேண்டும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நாலுசக்கர ஹைலக்ஸுக்கு வந்த சாமானை வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பட்டையின் பின்நுனியைச் செசியோடு தொங்கவிடும் ஷக்கிளை மாற்றலாமே என்றும் அவன் கேட்டான். இந்த வண்டியில் ஷக்கிள் செசியிலிருந்து கீழே தொங்குகிறது. நீளமாக்கினால் பின்பக்கம் உயரும், குட்டையாக்கினால்தான் பதியும். ஷக்கிளில் இரண்டு அங்குலம் மாற்றினாலும் அக்சிலில் ஒன்றுதான் கிடைக்கும். பட்டை விரிந்து சுருங்க வேண்டிய ஊசலாட்டமும் குறையும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

சரி, கட்டை என்று முடிவாகிவிட்டது. எத்தனை அங்குலக் கட்டை? இங்கேதான் சுவர்க்கணக்கு உதவியது. பழைய பம்ப் றப்பருக்குப் பதிலாக 25 மில்லிமீற்றர் குட்டையான ஒன்றைப் போடமுடியும் என்று பார்த்துவைத்திருந்தேன். இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் 110இல் 50 போய், றப்பரில் 25 திரும்பி வந்து, மூட்டைக்கு 70 கழிந்து, மிச்சம் 15 மில்லிமீற்றர். ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் என்றால் மிச்சம் 27. பதினைந்தில் வாய்க்கால் கட்டு ஏறமுடியாது. இருபத்தேழும் தாராளம் இல்லைதான். ஆனாலும் மெல்ல ஓட்டினால் றப்பர் சமாளிக்கும். அரை அங்குலத்துக்காக மருமகன் ஒரு கிழமை என்னோடு பேரம் பேசினான். வேண்டுமென்றால் செசியை அக்சிலுக்கு மேலே வளைவாக வெட்டி, தகடு வைத்து ஒட்டலாம் என்று நண்பன் ஒருவன் சொல்லிக்கொடுத்திருந்தான். பாரம் ஏற்றுகிற வண்டியின் செசியை நான் வெட்டமாட்டேன். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, காப்புறுதிக்காரர் இருக்கிறார். விபத்து என்று வந்தால் இரண்டு பேரும் முதலில் பார்ப்பது செசியைத்தான்.

வேலை தொடங்குமுன் ஸ்பிரிங் கட்டைக் கழற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பட்டை அடிக்கிற நானா எனக்கு முப்பது வருடப் பழக்கம். இடப்பக்கத்து 12 மில்லிமீற்றர் சரிவை அவர் அடித்து எடுத்தார், வெடித்திருந்த ஒரு பட்டையையும் மாற்றினார். நாங்கள் இறக்கப்போகிறோம் என்று கேட்டதும் சிரித்தார். "ஒசத்துறதுக்கு என்னட்ட வாறீங்க, இறக்கிறதுக்கு அங்கால போறீங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யிறது தம்பி நீங்க மட்டுந்தான்." ஆனால் கோணிக்கொண்டு நின்ற வண்டியை அப்படியே இறக்கினால் இறக்கியபிறகும் கோணிக்கொண்டுதான் நிற்கும்.

கட்டை முழு இரும்பில் கடைந்தது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடுப் போல்ட்டின் தலைக்குக் கட்டையின் கீழே குழியும், அக்சிலில் பொருந்த மேலே முனையும் சரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது அக்சில் நழுவும். முதிரைக் கட்டை செதுக்கி வைத்திருந்த ஒரு வண்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதிரை நல்ல மரம், கட்டில் செய்யலாம். அக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் நாலும் புதிது, கட்டையின் உயரத்துக்கு ஏற்ற நீளம். ஒருதரம் இறுக்கி நீண்ட பழைய யூ போல்ட்டை மறுபடி போடுவதில்லை. 500 கிலோமீற்றர் ஓடியபிறகு திரும்ப இறுக்கவும் வேண்டும். பட்டைகள் படிந்து அமரும்போது நட் தளர்ந்துவிடும்.

முன்பக்கம்

முன்னால் சுருள் ஸ்பிரிங் இல்லை. டோர்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி. நீளமான உருக்குக் கம்பியின் ஒரு நுனி சக்கரத்தைத் தாங்கும் கையோடும் மறுநுனி செசியோடும் பிடித்திருக்கும். சக்கரம் மேலே போனால் கம்பி முறுகும். செசிப்பக்க நுனியில் இருக்கும் சரிக்கட்டும் போல்ட்டைத் தளர்த்தினால் வண்டி இறங்கும். காசு செலவில்லை, ஒரு சாவி போதும். அதனால்தான் ஆட்கள் அளவுக்கு மீறித் தளர்த்துகிறார்கள்.

போல்ட்டைத் தளர்த்தினால் முன்பக்கம் மெத்தை மாதிரி மென்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. கம்பியின் விறைப்பு அதன் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது. போல்ட்டைத் திருப்பினால் மாறுவது உயரம் மட்டும்தான். இறக்கிய வண்டி கட்டாந்தரை மாதிரி அடிக்கிறது என்றால் ஸ்பிரிங் கடினமானதால் அல்ல, கை போய்ப் பம்ப் றப்பரில் மோதுவதால்தான். அப்படி வருகிற முறைப்பாடுகளில் பாதி, றப்பரில் தேய்ந்து பளபளக்கும் இடத்தைப் பார்த்ததும் முடிந்துவிடும்.

நல்ல வழி, சக்கரத்தின் அச்சுமுனையை மேலே நகர்த்தி வார்த்த தனி நக்கிள் போடுவது. கைகள் பழைய கோணத்திலேயே இருக்கும், சஸ்பென்ஷன் அசைவும் குறையாது, வண்டி மட்டும் இறங்கும். அமெரிக்காவில் 80களில் டொயோட்டா, டட்சன் கெப்களை இறக்குவது பெரிய மோகமாக இருந்ததால் அங்கே இவை கடையில் கிடைத்தன. இங்கே இல்லை. நம்முடைய நக்கிளையே வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் துண்டு அது. ஒட்டு விட்டுப்போனால் சக்கரம் தன் பாட்டில் போகும்.

ஆகவே போல்ட்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பாரம் இல்லாமல் வைத்து, முதலில் போல்ட்டின் பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்தோம். இடம் வலம் இரண்டு கம்பியையும் கழற்றினால் மாற்றிப் போடக்கூடாது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுகவே பதப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அளந்தோம். 32 மில்லிமீற்றரில் நிறுத்தினோம். பம்ப் றப்பர் கையின் நடுவில் இருப்பதால் சக்கரத்தில் 32 என்பது றப்பரில் 16. இருந்த 30இல் 14 மிச்சம். 12 மில்லிமீற்றர் குட்டையான றப்பர் போட்டு 26 ஆக்கினோம். அதற்குமேல் இறக்கினால், கையின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டின் கோணம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீல் அலைன்மென்ட் செய்யாமல் தெருவுக்கு எடுக்கவில்லை. உயரம் மாறினால் டோவும் கேம்பரும், அதாவது சக்கரங்கள் முன்னால் பார்க்கும் திசையும் மேலே சாயும் அளவும் மாறும். இரண்டு சக்கரமும் மேலே உள்நோக்கிச் சாய்ந்திருந்தன, அப்படியே ஓடியிருந்தால் டயரின் உள்விளிம்பு ஆறு மாதத்தில் கம்பி தெரியத் தேய்ந்திருக்கும்.

ஷொக்குக்காகப் பஞ்சிகாவத்தை

எல்லாரும் மறப்பது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக்கை. வண்டி இறங்கியதும் பழைய ஷொக் எப்போதும் பாதி அமுங்கியபடியே நிற்கும். பம்ப் றப்பர் தொடுவதற்கு முன்பே ஷொக் உள்ளே முட்டினால், அடி முழுவதும் அதன் தண்டிலும் பிடியிலும்தான் விழும். நாங்கள் றப்பரையும் குட்டையாக்கியிருந்ததால் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஆகவே றப்பர் முழுதாக அமுங்குமட்டும் அக்சிலை ஜாக்கியால் தூக்கி, ஷொக்கின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் இடைத்தூரத்தை அளந்தேன். வாங்கப்போகும் ஷொக் முழுதாக அமுங்கினால் அதைவிட 15 மில்லிமீற்றராவது குட்டையாக இருக்கவேண்டும். அக்சிலைத் தூக்கிவைத்த அதே நேரத்தில் அதன் மேலே ஓடும் பிரேக் குழாய் செசியில் உரசப்போவதும் கண்ணில் பட்டது. குழாயை வளைத்து நகர்த்தினோம். தூக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் அது என்றைக்கோ ஒருநாள் நெல்லோடு தெரியவந்திருக்கும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய், எந்த வண்டியின் ஷொக் என்று கேட்காமல் எங்கள் அளவைச் சொல்லித் தேடினோம். முதல் தடவை வாங்கியது நீளம் சரி, ஆனால் மெல்லிய கார் ஷொக். பாரத்தோடு ஆடியது. இரண்டாவது தடவை ஒரு சிறிய வானுடைய ரீகண்டிஷன் ஷொக் பொருந்தியது.

நான் விட்ட பிழை

வண்டி வெளியே போய் மூன்றாம் கிழமை. நல்ல மழை. இரவு வேலை முடிந்து, ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்தவனுக்கு முன்னால், கிரான்குளத்தடியில் மாடு ஒன்று ரோட்டின் நடுவில் படுத்திருந்தது. பிரேக்கை அமத்தினான். பின்சக்கரம் இரண்டும் இறுகி, வண்டி குறுக்காகச் சறுக்கி, வீதி ஓரத்து மணலில் நின்றது. அவனுக்கும் ஒன்றுமில்லை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை. விடிய வந்து, "மாமா, முந்தி இப்பிடி இல்ல" என்றான்.

முந்தி இப்படி இல்லைதான். பாரம் ஏற்றும் கெப்பில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்க ஒரு வால்வ் உண்டு. செசியில் இருக்கும் அந்த வால்விலிருந்து ஒரு கம்பி பின் அக்சிலுக்குப் போகும். பாரம் ஏற்றினால் செசி அக்சிலை நெருங்கும், கம்பி அசையும், பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வால்வ் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். நான் கட்டை வைத்துச் செசியை 38 மில்லிமீற்றர் நெருக்கியபோது, வால்வைப் பொறுத்தவரை அந்த வண்டியில் எப்போதும் ஐந்தாறு மூட்டை நெல் இருந்தது. அந்தக் கம்பியை நான் பார்த்தேன். கட்டை வைக்கும்போது கையால் ஒதுக்கிவிட்டே வேலை செய்தேன். என்னவென்று தெரியாததால் வந்த பிழை அல்ல, தெரிந்திருந்தும் நினைக்காததால் வந்தது.

திருத்தம் அரை நாள் வேலை. கம்பியின் கீழ்நுனியைப் பிடிக்கும் தாங்கியை அக்சிலிலிருந்து அதே 38 மில்லிமீற்றர் கீழே இறக்கி, புதுத் தகடு போட்டுப் பிடித்தோம். கம்பியின் பழைய கோணத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை. ஊரில் இன்னொருவரிடம் இருந்த இறக்காத அதே வண்டியைப் பார்த்துத்தான் ஒப்பிட்டேன். அப்புறம் ஆளில்லாத கிரவல் ரோட்டில், முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் வேகமாகப் பிரேக் பிடித்துப் பார்த்தோம். முன்சக்கரம் முதலில் இறுகியது. அதுதான் வேண்டும். இப்போது யார் இறக்கச் சொல்லி வந்தாலும் அளவுநாடாவுக்கு முன் அந்தக் கம்பியைத்தான் படம் எடுக்கிறேன்.

முன்பக்கம் 32, பின்பக்கம் 38 என்று இறங்கியதில் மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தது. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தினோம். எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் கார்டன் ஷாஃப்டின் நடு பெயாரிங்கில் சத்தம் ஏதும் வரவில்லை. ஒன்றரை அங்குலத்துக்கு, அக்சிலின் கோணத்தைத் திருத்த வைக்கும் ஆப்புக் கட்டை தேவைப்படவில்லை.

மருமகனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் நாலு விரல் போகிறது, படங்களில் இரண்டு விரல்தான் போகும் என்கிறான். மாசியில் அறுவடை தொடங்கியதும் அத்தான் வண்டியைக் கேட்டு வாங்கினார். மண்முனையால் போய்ப் பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்கதவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூட்டைய தூக்கி வைக்க இப்ப லேசா இருக்கு" என்றார்.